தினசரிப் பயணிகள்: பதினொன்று

பாபு மகளுக்கு இரண்டாவது பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தபோது ரேஷ்மா வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வெயிலுக்குத் தலையைச் சுற்றி இழுத்துவிட்ட துப்பட்டா. அவள் வாயைத் திறப்பதற்குள் பாபு ரிப்பனைப் பல்லில் கடித்தபடி எழுந்து கொடிப்பக்கம் போனான். அங்கே அவன் மனைவி பிரேமலதாவின் நீலநிறக் கம்பெனிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தன் லுங்கியை எடுத்து அதன்மேல் விரித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல் திரும்பி வந்து உட்கார்ந்தான். சட்டையின் ஒரு கை மட்டும் லுங்கிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ரயில் சர்வே. அஞ்சு நிமிஷம்தான். வூட்ல எத்தினி பேரு?"

"நாலு பேரு. நானு, என் சம்சாரம், பாப்பா, எங்க நைனா."

"வேலைக்கு, படிப்புக்குன்னு டெய்லி வெளியூர் போறவங்க?"

"யாரும் இல்ல."

"உங்க சம்சாரம்?"

"வூட்லதான் கீறா."

பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருந்த ஐந்து வயது தேன்மொழி தலையைத் திருப்பினாள். "எங்கம்மா கம்பெனிக்குப் போயிகீது. போன் செய்யற கம்பெனி."

பாபு சிரித்தான். "அது இவ சின்னம்மா. சின்னம்மாவையும் அம்மான்னுதான் கூப்புடுவா."

"அப்ப இவுங்க அம்மா எங்கண்ணா?"

"கழனிக்குப் போயிகீறா."

"வூட்ல கீறாங்கன்னீங்க."

"வூட்டுக் கழனிதானேம்மா."

ரேஷ்மா விரலை டேப்லெட்டின் மேல் வைத்தபடி லுங்கிக்குக் கீழே தொங்கிய நீலக் கையைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க இன்னா சொல்றீங்களோ அதத்தான் நான் எழுதணும். ஆனா இது ரேஷன் கார்டுக்கு வந்த சர்வே இல்ல. ஸ்டேஷன் எங்க கட்டலாம்னு பாக்கறதுக்கு வந்தது. நெஜமாதான் சொல்றேன்."

"எல்லாரும் அப்டித்தான்மா சொல்லிக்கினு வருவாங்க," என்றான் பாபு. அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துத்தான் அனுப்பினான்.

திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் கிராமமான அத்திக்கண்டிகையில் அந்த வாரம் அவள் ஏறி இறங்கிய நூற்றெண்பது வீடுகளிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. அடுத்த தெருச் செல்லியம்மாவின் மகனும் மருமகளும் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை செய்கிறார்கள். "மவன் மாடு மேய்க்கறான், மருமவ சாணி தட்டறா" என்று செல்லியம்மா எழுதவைத்தாள். அந்த வீட்டில் மாடு செத்து ஆறு வருஷமாகிறது.

இந்த ஊர்க்காரர்களைப் பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் உங்களுக்கே புரியும். இவர்களுடைய தகப்பன்மார்களுக்கு ஒரு முழ நிலம் கிடையாது. கார்வேட்டிநகரத்துப் பக்கம், வடமாலபேட்டைப் பக்கம் என்று ஊரான் கழனியில் வேலை செய்தவர்கள். பட்டா வந்ததும், பிள்ளைகள் படித்ததும், பிள்ளைகளின் பெண்டாட்டிகள் கம்பெனிக்குப் போனதும் எல்லாம் இந்த இருபது வருஷத்துக்குள் நடந்தவை. அதற்கு நடுவே வீட்டுக்கு வீடு தூண் மாதிரி நின்றது ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டு ஒன்றுதான். அரிசி அதில் வந்தது, பென்ஷன் அதில் வந்தது, ஆஸ்பத்திரியும் அதில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு பெண் வந்து கரண்டு பில்லைக் கேட்டாள். வெள்ளந்தியான பச்சையம்மாள், மருமகன் வாங்கிக் கொடுத்த ஏசி வரைக்கும் பெருமையாகக் காட்டினாள். அடுத்த மாதம் அவளுடைய விதவைப் பென்ஷன் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. அன்றிலிருந்து டேப்லெட்டோடு யார் வந்தாலும் ஊருக்கு ஒரே பதில்தான். வீட்டில் ஒன்றும் இல்லை, வேலைக்கு யாரும் போகவில்லை.

பாபு வீட்டில் பயம் இன்னும் ஒரு பிடி கூடுதல். அவன் அப்பா கங்கையாவுக்குப் போன வருஷம் திருப்பதியில் இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதுவும் அந்தக் கார்டில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது குழாயையும் அப்போது பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பிரேமலதா நகரிக்காரி. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் கொஞ்சம் உரக்கப் பேசுவாள். ரேணிகுண்டாவைத் தாண்டி இருக்கும் செல்போன் செய்யும் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை. முதல் மூன்று வருஷம் தினமும் போய் வந்தாள். விடிவதற்கு முன்னால் பாபு அவளை மொபெட்டில் ஏற்றி, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவான். கம்பெனி பஸ் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். போன வருஷம் அந்தப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தூரத்து ஊர்ப் பெண்கள் ஹாஸ்டலில் தங்கலாம், முடியாதவர்கள் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம் என்றார்கள். நின்றுகொள்ள முடியாத வீடு. ஆகவே வாரத்தில் ஐந்து ராத்திரி அவள் ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு படுத்தாள். புதன்கிழமை வேலை முடிந்து புறப்பட்டு வந்து, வியாழக்கிழமை முழுக்க இருந்து, வெள்ளிக்கிழமை விடியலில் போய்விடுவாள். பாபு குத்தகைக் கழனியைப் பார்த்துக்கொண்டே மகளுக்குத் தலைசீவக் கற்றுக்கொண்டான்.

இத்தனைக்கும் ரயில் பாதை ஊரை உரசிக்கொண்டுதான் போகிறது. புத்தூரைத் தாண்டி வரும் வண்டிகள் அத்திக்கண்டிகை வேப்பமரங்களை ஆட்டிவிட்டு ரேணிகுண்டாவுக்கு ஓடும். அங்கே நிற்க ஓர் இடம் இருந்தால் அரைமணி நேரம். பிரேமலதா காலையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தினமும் வரலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட வளாகத்தில் துணிப்பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். திட்டம் போடும் அதிகாரி கிரண்குமார் இளைஞர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசினார். வரைபடத்தில் ரயில் பாதையின் மேல் சிவப்பில் ஒரு வட்டம் இருந்தது. "இந்த வட்டம் பத்து நிமிஷம் நடக்கற தூரம்," என்றார். "ஸ்டேஷன் மட்டும் கட்டிட்டுப் போறதில்ல. இதுக்குள்ள பஸ் நிறுத்தம், சந்தை, சைக்கிள் ஸ்டாண்டு, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்கு ஒரு காப்பகம், மாடி வீடுங்க எல்லாம் சேத்து வரும். ஜனங்க எங்கேர்ந்து கெளம்பறாங்களோ அங்கதான் வட்டம் போடணும். மொதல்ல ஒரு சின்ன பிளாட்பாரம். அது ஒரு வருஷத்துல முடியும்."

வட்டம் சின்னமிட்டையின் மேல் இருந்தது. ஆறு கிலோமீட்டர் வடக்கே. சின்னமிட்டைக்குப் பக்கத்தில் தினசரிப் பயணிகள் முந்நூற்று நாற்பது என்று எழுதியிருந்தது. அத்திக்கண்டிகைக்குப் பக்கத்தில் பதினொன்று.

பிரேமலதா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், எங்க ஊர்லேர்ந்து நூறு பேருக்கு மேல வேலைக்குப் போறோம்."

கிரண்குமார் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். "அப்ப ஏன்மா பதினொண்ணுன்னு வந்திருக்கு?"

சர்வே வந்த அன்று நடந்ததைப் பாபு அவளிடம் சொல்லியிருக்கவில்லை. முன்வரிசையில் வார்டு மெம்பர் கன்னையா தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு வேப்பமரத்தடியிலயே உக்காந்து எழுதிக்கினு போயிடுச்சி சார். வூடு வூடா எங்க வந்துது?"

வரைபடத்தின் அருகே நின்ற ரேஷ்மாவின் வாய் திறந்தது. அவள் கன்னையாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடித் தேடி பாபுவின் முகத்தைக் கண்டுபிடித்தாள். மோர் கொடுத்தவன் அவன். பாபு வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அக்கறையாக அவன் எதையும் அதுவரை பார்த்ததில்லை.

கிரண்குமார் கடைசியில் பதினைந்து நாள் தவணை கொடுத்தார். திருத்தத் தாள் ஒன்று ஊர் அலுவலகத்தில், அவர்கள் வாயில் சச்சிவாலயம், வைக்கப்படும். வெளியே வேலைக்குப் போகிறவர்கள் பெயர், கம்பெனி, அடையாள எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது ஐம்பது பேராவது இருந்தால் வட்டத்தைத் தெற்கே நகர்த்தலாமா என்று மேலே கேட்பார். இல்லையென்றால் வரைபடம் இப்படியேதான் போகும்.

வீட்டுக்கு வரும் வழியில் பாபு சொல்லிவிட்டான். லுங்கியை இழுத்துப் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பிரேமலதா நடந்துகொண்டே கேட்டாள்.

"சின்னம்மாவா? எனக்குத்தான் தங்கச்சியே கெடயாதே."

"வாய்ல வந்துச்சி."

"தேனு நைனா, என்னை இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு கணக்கு வேணாமா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "பேரு எழுதலாமா?"

"கம்பெனி நம்பரோட எழுதினா, அது எங்கெங்க போவும்னு யாருக்குத் தெரியும்? கார்டு போச்சின்னா எங்க நைனா ஆஸ்பத்திரிக்கு இன்னா பண்றது?"

அவள் வாசல் கதவைத் திறந்து உலை வைக்க உள்ளே போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது கங்கையா தானாகவே பேச்சை எடுத்தார். கூட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். "என்னக் கேக்காதீங்க," என்றார். "கேட்டா நான் வேணாம்னுதான் சொல்வேன். எனக்குப் பயமா கீது. படிச்சவன் மாதிரி, பெரிய மனுசன் மாதிரி என்னால பேச முடியாது. அதனால என்னக் கேக்காம இன்னா செய்யணுமோ செய்ங்க." சொல்லிவிட்டு, "கொழம்பு ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினார். பிரேமலதா ஊற்றினாள். அவர் தலைகுனிந்து பிசைந்து சாப்பிடுவதைப் பாபு பார்த்துக்கொண்டே இருந்தான்.

திருத்தத் தாள் சச்சிவாலயத்தில் மேஜைமேல் கிடந்தது. ஒன்றிலிருந்து அறுபது வரை எண்கள் போட்டு, பக்கத்தில் கோடுகள். ஊரில் எல்லோரும் ஏதாவது சாக்கில் உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சாதிச் சான்றிதழ் கேட்கப் போனவன் பார்த்தான். மழைக்கு ஒதுங்கியவன் பார்த்தான். செல்லியம்மா மூன்று தடவை போனாள். பாபுவைத் தெருவில் பார்த்தபோது வழிமறித்தாள்.

"இன்னாடா, உன் பொண்டாட்டி கூட்டத்துல எழுந்து பேசினாளே, கையெழுத்து போட்டாளா?"

"நீ போடவையேன் அத்தை. உன் வூட்ல ரெண்டு பேரு கீறாங்க."

"என் மவன் மாடு மேய்க்கறான்டா, மறந்துட்டியா?" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "நீ மொதல்ல எழுது. நான் பின்னாலயே வரேன். எல்லாரும் அதத்தான்டா சொல்றாங்க. யாருக்குப் பின்னால வர்றதுன்னுதான் தெரில."

முதல் வியாழக்கிழமை போயிற்று. அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருப்பதற்காக வேறு எல்லாவற்றையும் பேசினார்கள்: கழனிக்கு மருந்தடிப்பது, மொபெட்டின் சங்கிலி, ஹாஸ்டல் சாம்பாரில் இருக்கும் தண்ணீர்.

இரண்டாவது வியாழக்கிழமை தவணையின் கடைசி நாள். மதியம் பிரேமலதா மகளைக் கூப்பிட்டு வரப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எப்போதும் பாபுதான் போவான். அன்று அவனுக்குக் கழனியில் தண்ணீர் முறை. வாசலில் புதிதாக வந்த டீச்சர் நின்றுகொண்டு, அடையாளம் தெரியாதவர்களோடு பிள்ளைகளை அனுப்பாமல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வழக்கம்தான். தேன்மொழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மா எங்கே என்று தெலுங்கில் கேட்டாள்.

தேன்மொழி எதிரில் நின்ற பிரேமலதாவைப் பார்த்தாள். டீச்சரின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று தெளிவாகத் தெலுங்கிலேயே பதில் சொன்னாள்.

"அப்படியானால் இவர் யார்?"

"சின்னம்மா."

பிரேமலதா தன் கம்பெனி அட்டையையும், செல்போனில் இருந்த படங்களையும் காட்டி, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து சாட்சி சொல்லி, மகளை வாங்கிக்கொண்டு வருவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. தெரு திரும்பியதும் தேன்மொழி அவள் கையை இழுத்தாள். குனியச் சொல்லிக் காதருகே கேட்டாள்.

"நான் கரெக்டா சொன்னன் இல்ல? நைனா சொல்லிக் குடுத்தாரு. கழுத்துல அட்டை போட்டுக்கினு யாரு வந்து கேட்டாலும் அப்டித்தான் சொல்லணும்னு."

"கரெக்டா சொன்ன," என்றாள் பிரேமலதா.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாகக் கழனிக்குப் போனாள். பாபு மண்வெட்டியோடு மடையில் நின்றான். நடந்ததைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. உரக்கப் பேசுகிறவள் அன்று மெதுவாகப் பேசினாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மடையை அடைக்காமலேயே கரையேறினான். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டான். தேன்மொழியைக் கங்கையாவிடம் விட்டபோது, எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பேத்திக்குச் சாப்பாடு போடத் தட்டை எடுத்தார்.

சச்சிவாலயத்தில் அப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது. ஐந்து மணிக்கு ஜீப் வந்து தாளை எடுத்துப் போகும். அதுவரை தாளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டிருந்தவள் ரேஷ்மா. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அறுபது கோடுகளும் காலியாக இருந்தன.

பாபு எழுதினான். பிரேமலதா, கணவர் பெயர் பாபு, கதவு எண். கம்பெனி அடையாள எண்ணை அவள் அட்டையைப் பார்க்காமலேயே சொன்னாள். கடைசிக் கட்டத்தில், முதல் சர்வேயில் விட்டுப்போன காரணம் என்று தெலுங்கில் போட்டு இரண்டு சதுரங்கள் இருந்தன. ஒன்று, கணக்கெடுத்தவரின் தவறு. மற்றது, குடும்பத்தினர் தகவல் தரவில்லை.

பேனா முதல் சதுரத்துக்குப் போனது.

"அது இல்ல," என்றாள் பிரேமலதா.

"லதா, ரெண்டாவதுல டிக் போட்டா நாமதான் மறச்சோம்னு ஆவும். எழுத்துல ஆவும்."

"மறச்சோம் இல்ல?"

ரேஷ்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

"எங்க கம்பெனி லைன்ல கூட வேல செஞ்ச ரத்னாவ அப்டித்தான் வேலய விட்டு வூட்டுக்கு அனுப்பினாங்க," என்றாள் பிரேமலதா. "ரெண்டு டேபிளுக்கு முன்னால யாரோ பண்ண தப்பு. அவ டேபிள்ல வந்து தெரிஞ்சிது. அவ்ளோதான். அந்த ரெண்டு டேபிள்ல உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தியும் வாயத் தொறக்கல. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன்."

பாபு அவளை நிமிர்ந்து பார்த்தான். இதை அவள் முன்பு சொன்னதில்லை. பேனாவை இரண்டாவது சதுரத்துக்கு நகர்த்தி, அழுத்தமாக டிக் போட்டான். பிறகு ரேஷ்மாவின் முதுகைப் பார்த்துப் பேசினான். "நீ கேட்டம்மா. மூணு வாட்டி கேட்ட. நான்தான் பொய் சொன்னேன். கன்னையா சொன்னப்ப நான் எழுந்திருக்கணும். எழுந்திருக்கல."

ரேஷ்மா திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "அடுத்த சர்வேக்கு என் பேரு இல்லன்னு சொல்லிட்டாங்கண்ணா," என்றாள். பிறகு, "பரவால்ல" என்றாள். அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் அல்ல என்று மூவருக்கும் தெரியும்.

பிரேமலதா கையெழுத்துப் போட்டாள்.

"இது கார்டு ஆபீசுக்குப் போவுமா?" என்று பாபு கேட்டான்.

"தெரியாதுண்ணா. போவாதுன்னு சொல்லணும்னு ஆசையாத்தான் கீது. ஆனா தெரியாது."

கடிகாரத்தில் நாலரை. ஐம்பது வேண்டிய இடத்தில் ஒன்று. பாபு வெளியே போக எழுந்தான். போகாமல் மறுபடி உட்கார்ந்தான். அப்போதுதான் வாசற்படியில் நிழல் விழுந்தது. செல்லியம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சி அத்தை."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

செல்லியம்மா எட்டி மேஜையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் அருகே நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அல்ல அது. இன்னும் இரண்டு பேர் ரோட்டில் மெதுவாக நடந்து, சச்சிவாலயத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்னால் வரவில்லை; யாரும் போகவும் இல்லை.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதா, டிராக்டரா என்று சொல்ல முடியவில்லை. ரேஷ்மா பேனாவின் மூடியை மூடப் போனவள், மூடாமல் மேஜையின் ஓரத்தில், வாசலைப் பார்க்க வைத்தாள். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தாள் எழுந்து எழுந்து படபடத்தது. அது பறந்துவிடாமல் பிரேமலதா ஒரு விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், கோட்டை மறைக்காமல்.